கொய்யாவை மீண்டும் சேர்க்கலாமா

ஏழேமுக்காலுக்கு ஆறுமுகநேரியில பஸ் ஏறினதுலேருந்து போனை வெளிய எடுக்கல. எடுத்தா யாராவது பாப்பாவ. யாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது, இந்த எளவுல அதுதான பிரச்சினையே, யாருன்னு தெரியாது. எங்க காலேஜ்ல போன மாசம் 'தோள்'னு ஒரு ஆப்ப எல்லாரும் போன்ல ஏத்தியே ஆகணும்னுட்டாவ. மாணவர் நலனுக்காம். மனசுல கெடக்குறதச் சொல்லி அழுறதுக்கு எட்டெட்டுப் பேரா குழு பிரிச்சி, யாரு யாருன்னு தெரியாம இருக்க ஆளுக்கு ஒரு காயோ பழமோ பேரா வச்சி விட்டுட்டாவ. நான் குழு பதினாலு. என் பேரு பாகற்காய். பிரம்மசக்தின்னு அப்பா ஆசையா வச்ச பேரு எனக்கு, அந்த ஆப் எப்படித்தான் என்னைப் பாகற்காய்னு கண்டுக்கிச்சோ. கூட வெண்டைக்காய், தக்காளி, சுரைக்காய், மாதுளை, பப்பாளி, எலுமிச்சை. எட்டாவது கொய்யா. இந்தக் கொய்யாதான் மூணு நாளா என் தூக்கத்தக் கெடுக்குது. சோறு எறங்கல. நேத்து அம்மா, என்னட்டி முகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டப்ப பரீட்ச வருதுல்லான்னுட்டேன். பரீட்சன்னு சொன்னா எங்க வீட்ல யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாவ.

பரீட்சையிலதான எல்லாமே போச்சு. அஞ்சு பேப்பர். ஆறுல அஞ்சு. அது எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல, படிக்கத்தான் செஞ்சேன், உள்ள போயி கேள்வித்தாளப் பாத்தா கை வேர்த்து பேனா வழுக்குது, அவ்வளவுதான் ஞாபகம். எங்கப்பா உப்பளத்துல வேல பாக்காவ. என்னைக் காலேஜ்ல சேக்கும்போதே சொல்லிட்டாவ, ஒரு பாடத்துல போச்சுன்னாலும் அன்னையோட நிப்பாட்டிருவேன், அத்தை வீட்ல பேசி முடிச்சிருவேன்னு. சும்மா சொல்லுத ஆளு இல்ல அவிய. அக்காவப் பன்னெண்டோட நிப்பாட்டுனாவ, அவளும் சும்மாத்தான் சொல்லுதாவன்னு நெனச்சிக்கிட்டு இருந்தா. காலேஜ்ல மார்க் அட்டையக் குடுத்து அப்பா கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னாவ. நானே போட்டுட்டேன். சு. மாடசாமி. சு-வுக்குக் கீழ அப்பா ஒரு சுழி சுழிப்பாவ, அதும் அச்சா வந்துருச்சு. குடுத்தேன், வாங்கிக்கிட்டாவ. வெளிய தெரிஞ்சா காலேஜ்ல டிசியக் கையில குடுத்துருவாவ, வீட்ல தெரிஞ்சா காலேஜே கெடையாது. ரெண்டுல எது மொதல்ல தெரிஞ்சாலும் மத்தது தானா தெரிஞ்சிரும். இத நான் ஒரு மனுசர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லல. திங்கக்கெழம சாயங்காலம் கெணத்தடியில நின்னுக்கிட்டு, குழு பதினாலுல எழுதிப்புட்டேன். என்ன கிறுக்குப் புடிச்சுதோ. எழுதி முடிச்சதும் நெஞ்சு லேசான மாதிரி இருந்துச்சு. ஒவ்வொருத்தரா 'கூட இருக்கேன்'ங்கிற பொத்தானை அமுக்குனாவ. ஏழு பேரும் அமுக்குனாவ. அழுகையே வந்துருச்சு எனக்கு. அப்பத்தான் கொய்யா எழுதுனா. மூணு வாரமா ஒத்த வார்த்த எழுதாம எல்லாத்தையும் படிச்சிட்டு மட்டும் கெடந்த கொய்யா. எனக்கும் ஒண்ணு சொல்லணும், நாளைக்குச் சொல்றேன், அப்படின்னு.

நாளைக்கு எதுவும் சொல்லல. செவ்வாக்கெழம காலையில எட்டு மணிக்கு ஆப்புல ஒரு அறிவிப்பு. 'கொய்யா விடுப்பு எடுத்துக்கொண்டார்.' எட்டுன்னு இருந்த எண்ணிக்கை ஏழாயிருச்சு. இந்த ஆப்போட தமிழப் பத்தித் தனியாச் சிரிக்கலாம், எவன் உக்காந்து மொழிபெயர்த்தானோ. யார் யாரு படிச்சிருக்கான்னு காட்டுத எடத்துல 'பார்வையிட்டோர்'னு போட்டுருக்கும், அமைச்சர் அணையப் பாக்க வந்த மாதிரி. சத்தம் வராம பண்ணணும்னா 'குழுவை ஊமையாக்கு'. குழுவ விட்டு ஒரேயடியா வெளிய போறதுக்கு 'விடுப்பு'. அன்னைக்கு அதப் பாத்து எனக்குச் சிரிப்பு வரல. மூணு வாரம் பேசாம இருந்துருக்கா, நான் வாயத் தொறந்தேன், கேட்டுக்கிட்டா, எனக்கும் ஒண்ணு சொல்லணும்னு ஒரு தூண்டியப் போட்டுப் பாத்தா, மறுநாள் கெளம்பிப் போயிட்டா. வந்த வேல முடிஞ்சுதுல்லா. இதுல யோசிக்க என்ன இருக்கு. கொய்யா அவளா அவனா, பிள்ளையளா, ஸ்டாஃபா, யாருக்குத் தெரியும். பொம்பளப் பிள்ளைன்னே வச்சிக்கிட்டேன். நேத்து காலையில எட்டே முக்காலுக்கு அடுத்த அறிவிப்பு வந்துச்சு. 'கொய்யா மீண்டும் சேர விரும்புகிறார். சேர்க்கலாமா? வாக்களிக்க இருபத்து நான்கு மணி நேரம்.' பாத்ததும் உச்சியில ஏறிருச்சு எனக்கு. மேக்கொண்டு ஏதாவது தேறுமான்னு பாக்க வாரா. 'வேண்டாம்'னு போட்டுட்டு, குழுவுல எழுதவும் செஞ்சேன். இவ வேவு பாக்க வந்தவ, உள்ள விட்டா நாளைக்கு ஒங்க கதையும் சந்திக்கு வரும், யோசிச்சிப் போடுங்கன்னு. வெண்டைக்கா உடனே வேண்டாம்னு போட்டுச்சு. தக்காளியும். எலுமிச்சை மட்டும், பாவம் அவங்களுக்கு என்ன கஷ்டமோன்னு எழுதுச்சு. அந்த எலுமிச்சை மேலயும் எனக்கு ஒரு சந்தேகம்தான்.

சந்தேகம் வந்துட்டா ஒண்ணோட நிக்காது. வெண்டைக்காயையே எடுத்துக்கிடுங்க. ஒவ்வொரு வரி முடிவுலயும் முற்றுப்புள்ளி வைக்கும். எந்தப் பிள்ள போன்ல முற்றுப்புள்ளி வைக்கும்? முன்னாடி சீட்டுல சங்கரகோமதி மேடம் உக்காந்துருக்காவ, எங்க வகுப்பப் பாத்துக்கிடுத மேடம், மார்க் அட்டைய என் கையிலேருந்து வாங்குனது அவியதான். பஸ் கெளம்புனதுலேருந்து போனத்தான் நோண்டிக்கிட்டு வாராவ. ஆத்தூர் தாண்டுனதுக்கப்புறம் ஒருக்க திரும்பிப் பின்னாடி பாத்தாவ. என்னையத்தான் பாத்தாவன்னு சொல்ல முடியாது. என்னையப் பாக்கலன்னும் சொல்ல முடியாது. அவிய வெண்டைக்காயா இருந்தா திங்கக்கெழமையே எல்லாம் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் மூணு நாளா ஏன் கூப்பிடல? தெரிஞ்சா கூப்பிட்டுருவாவல்லா. கூப்பிடாம வச்சிருந்து அப்பாவ மொதல்ல வரச் சொல்லிருப்பாவளோ? அப்பா இன்னைக்குக் காலையில வெள்ளச் சட்டயத் தேய்ச்சி வைன்னாவ. எதுக்குன்னு கேக்கல நான். கேட்டா பயந்துட்டேன்னு தெரிஞ்சிரும். வெள்ளச் சட்ட கல்யாண வீட்டுக்கும் போடுவாவ, சாவு நடந்த துட்டி வீட்டுக்கும் போடுவாவ, காலேஜுக்கு ஒரே ஒரு தடவதான் வந்தாவ, அன்னைக்கும் அதத்தான் போட்டுருந்தாவ. பின்னாடி பையங்க பக்கம் ஒருத்தன் சிரிச்சான். எதப் பாத்துச் சிரிச்சான்?

என் பக்கத்துல ஜன்னலோரமா ஜெனோவா உக்காந்துருக்கா. ஆத்தூர்ல ஏறுவா. ரெண்டு வருசமா இந்தச் சீட்டுல அவளும் நானும்தான். எங்க வகுப்புத் தலைவி, யார்கிட்டயும் சத்தமாப் பேசமாட்டா, மேடத்தோட ரெக்கார்டு நோட்டு கட்ட மடியில வச்சிக்கிட்டு வருவா, பாதி வழி தூங்குவா. இன்னைக்குத் தூங்கல. வாழத்தோட்டம் போறதப் பாத்துக்கிட்டே வாரா. முக்காணிப் பாலத்துல பஸ் ஏறும்போது எனக்கு ஒரு யோசன வந்துச்சு. குழுவுல நான் ஏதாவது எழுதுனா, பஸ்ஸுல குழு ஆளு யாராவது இருந்தா அவிய போன் சத்தம் போடும், இல்லன்னா கையாவது பைக்குள்ள போகும். போனை மடிக்குள்ளயே வச்சி, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு தட்டிவிட்டேன். தட்டிட்டு நிமிந்து பாத்தேன். மேடம் போன் காதுல இருக்கு, யார்கிட்டயோ பேசுதாவ. பின்னாடி ஏழெட்டுப் பேரு ஏற்கெனவே போனைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான், அதுல என்னத்தக் கண்டுபுடிக்க. ரெண்டு சீட்டு தள்ளி ஒருத்தி பையத் தொறந்தா, எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு, சீப்ப எடுத்தா. ஜெனோவோட போன் அவ மடியிலதான் கெடந்துச்சு. ஒரு அசைவும் இல்ல, வெளிச்சம் கூட வரல. சரி, இவ நம்ம குழு இல்லன்னு ஒரு ஆறுதல். பழையகாயல் வரைக்கும் அந்த ஆறுதல்லதான் வந்தேன். சந்தேகப்பட வேண்டாத ஆளு ஒண்ணாவது பக்கத்துல இருக்குல்லா.

எட்டே முக்காலுக்கு வாக்கு முடியுது. எட்டு இருபத்தஞ்சுக்கு எடுத்துப் பாத்தேன். வேண்டாம் நாலு, வரட்டும் மூணு. கீழ பொடி எழுத்துல, 'நேரம் முடியும்வரை உங்கள் வாக்கை மாற்றலாம்'. யாராவது மாத்திருவாவளோன்னு வேற பயம். தக்காளி ஒரு நெலையில நிக்காது. போனை உள்ள வச்சேன், திரும்ப எடுத்தேன், திரும்ப வச்சேன். முள்ளக்காடு வந்துருச்சு. அப்பத்தான் ஜெனோ ஜன்னலப் பாத்துக்கிட்டே கேட்டா.

'பிரம்மு, தோள் ஆப்புல விடுப்புன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா. அது லீவுதான?'

'ஏன் கேக்க?'

'செவ்வாக்கெழம காய்ச்சலாக் கெடந்தேன்லா. அன்னைக்கு ஆப்புலயும் சொல்லணுமோன்னு நெனச்சி அத அமுக்கிட்டேன். ஸ்கூல்ல விடுப்பு விண்ணப்பம்னுதான எழுதுவோம். எம் பேரயே தூக்கிருச்சு. திரும்ப உள்ள விடுன்னு கேட்டுருக்கேன். இன்னும் விடல.'

அவ்வளவுதான் சொன்னா. திரும்பி என் மூஞ்சியப் பாக்கல. செவ்வாக்கெழம இந்தச் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு, அதுல என் பைய வச்சிட்டு வந்தேன், கொய்யாவத் திட்டிக்கிட்டே வந்தேன். லீவு. இங்கிலீஷ்ல வெளிய போறதுக்கும் லீவுதான், காய்ச்சல்ல படுக்குறதுக்கும் லீவுதான், அந்தக் கிறுக்கன் ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டு வச்சிருக்கான். நான் ஏன் இத யோசிக்கல? ஊமையாக்குன்னு இருந்ததப் பாத்துச் சிரிச்சவளுக்கு இது ஏன் தோணல? போன் வெளிச்சம் வரலையேன்னு இவள ஒதுக்கி வச்சேனே, குழுவுல இல்லாதவளுக்கு எங்கேருந்து வெளிச்சம் வரும். நாந்தான வெளிய நிறுத்திருக்கேன். மாத்திரு. இப்பவே எடுத்து மாத்திரு. எட்டு முப்பத்தி நாலு ஆகுது. வேண்டாம் மூணு, வரட்டும் நாலு ஆயிரும், உள்ள வந்துருவா. வந்தா? வந்தா என்ன, ஏற்கெனவே படிச்சிட்டாளே. அஞ்சு பேப்பர், அப்பா கையெழுத்து, எல்லாத்தையும் படிச்சவ என் பக்கத்துல உக்காந்துருக்கா. நேத்து அவ கொண்டாந்த புட்டுல பாதிய எனக்குத் தந்தா. ஒண்ணுமே கேக்கல. எழுதுனது நான்னு தெரியாது, அதனால கேக்கல. சரி. தெரியாதவ எதுக்கு இத இப்ப எங்கிட்ட வந்து சொல்லுதா? பஸ்ஸுல அம்பது பேரு இருக்காவ, வாக்கு முடிய பத்து நிமிசம் இருக்கும்போது எங்கிட்ட ஏன் சொல்லுதா? நான் மாத்துறேனான்னு பாக்கவா? நான் மாத்துனா எண்ணிக்க மாறும், உடனே பாகற்காய் இவதான்னு தெரிஞ்சிரும். அதுக்குத்தானோ? யார் சொல்லிக் குடுத்தா? மேடத்தோட நோட்டு கட்டு இவ மடியிலதான இருக்கு, தினம் ஸ்டாஃப் ரூமுக்குப் போறவ இவதான. சீ, ஜெனோவையா. ஜெனோ அப்படிச் செய்வாளா. அக்காவும் அப்படித்தான் சொன்னா, எங்க ஸ்கூல் டீச்சர் அப்படிச் செய்வாவளா, பரீட்சையில போனத வீட்ல சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காவன்னு. சாயங்காலமே வீட்டுக்கு வந்து நின்னாவ டீச்சர், நல்லதுக்குத்தான் சொல்லுதேன்னு. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்லுவாவ. காய்ச்சல் நெசமாவே இருந்துச்சா? நேத்து வந்தப்ப மூஞ்சி வெளுத்துத்தான் இருந்துச்சு. செவ்வாக்கெழம காய்ச்சல்ல கெடந்தவ இவ ஒருத்திதானா, காலேஜ்ல ரெண்டாயிரம் பேரு இருக்காவ. இவ கொய்யாவே இல்லாம வேற குழுவுல ஒரு முருங்கைக்காயா இருந்தா? அப்ப மாத்துனா, நெசக் கொய்யாவ நானே கதவத் தொறந்து விட்டதா ஆகும். கேட்டுருவமா, நீ எந்தக் குழுன்னு? கேட்டா நீ எந்தக் குழுன்னு திருப்பிக் கேப்பா. எட்டு நாப்பத்தி ஒண்ணு. போன் கையிலதான் இருக்கு, அவளுக்குத் தெரியாம இருக்க இந்தப் பக்கமாச் சாய்ச்சி வச்சிருக்கேன், பெருவிரல் 'வாக்கை மாற்று'க்கு மேலயே நிக்குது. எனக்கும் ஒண்ணு சொல்லணும்னா கொய்யா. ஜெனோவுக்குச் சொல்ல என்ன இருக்கு? ரெண்டு வருசத்துல ஒரு நாள் கூட எதுவும் சொன்னதில்லையே. நான்தான் பேசுவேன், அவ கேப்பா. இந்த ஒரு மாசமா வீட்லேருந்து போன் வந்தா எடுக்க மாட்டேங்கா, அடிச்சி ஓயட்டும்னு விட்டுருதா. நானும் ஏன்னு கேக்கல. மாத்திரு, பிரம்மசக்தி. மாத்துனா ஒண்ணும் முழுகிப் போயிறாது. முழுகிப் போனா? அப்பா வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டு காலேஜ் கேட்டுக்கு வெளிய நின்னா? மொதல்ல கேட்டப் பாத்துருவோம், அங்க அப்பா இல்லன்னா மாத்திருவோம். பஸ் திரும்புச்சு. கேட்ல வாட்ச்மேன் மட்டும்தான் நின்னாரு. அப்பா இல்ல. யாருமே இல்ல. அமுக்குனேன். 'வாக்கெடுப்பு நிறைவுற்றது. கொய்யா சேர்க்கப்படவில்லை.'

ஜெனோ மடியில கெடந்த போன் ஒரு தடவ வெளிச்சம் காட்டி அணைஞ்சுது. எடுத்துப் படிச்சா. பைக்குள்ள வச்சா. நோட்டு கட்ட எடுத்து நெஞ்சோட அணைச்சிக்கிட்டா. பஸ் நின்னு மொதல்ல மேடம் எறங்குனாவ, பின்னாடி உள்ளவங்க எல்லாரும் இடிச்சிக்கிட்டு எறங்குதாவ. நான் வழிய விடாம உக்காந்தே இருந்தேன்.

'ஜெனோ.'

'எறங்கு பிரம்மு. மணியாச்சு.'

'நாந்தான் பாகற்காய்.'

'தெரியும்.'

'எப்படித் தெரியும்?'

'ஒங்கப்பா கையெழுத்துக்கு எம் பேனாவத்தான வாங்குன. லைப்ரரியில, எம் பக்கத்துல இருந்துதான போட்ட. ரெண்டு தடவ ரஃப் நோட்டுல போட்டுப் பாத்துட்டு அட்டையில போட்ட. அன்னைக்கு எதுக்குன்னு தெரியல. திங்கக்கெழம படிச்சப்பத் தெரிஞ்சுது.'

எனக்கு அப்ப என்ன கேட்டுருக்கணும்? அவளப் பத்தி ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். காய்ச்சல் விட்டுருச்சான்னாவது கேட்டுருக்கலாம். வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

'யார்கிட்டயாவது சொன்னியா?'

அவ இப்பத்தான் என் மூஞ்சியப் பாத்தா. கோவம் எதுவும் இல்ல. கோவம் இருந்துருந்தா நல்லாருந்துருக்கும்.

'யார்கிட்டயும் சொல்லல.'

'நேத்து நான் குழுவுல எழுதுனதும் தெரியுமா? வேவு பாக்க வந்தவன்னு?'

'அது தெரியாது. நாந்தான் வெளிய இருந்தேனே.' நோட்டு கட்ட மடியில எறக்குனா. 'அப்படியா எழுதுன?'

அதையும் நானே சொல்லிட்டேன். அழுகையா வந்துச்சு, அவ முன்னால அழ எனக்கு என்ன யோக்கியத இருக்கு. அவ கையப் புடிச்சேன். சூடாத்தான் இருந்துச்சு இன்னமும்.

'தப்பு பண்ணிட்டேன் ஜெனோ. நீ என்னமோ சொல்லணும்னியே. இப்பச் சொல்லு. நான் இருக்கேன்லா, எங்கிட்டச் சொல்லு.'

'ஒங்கிட்டத்தான் பிரம்மு சொல்ல வந்தேன். நான்னு ஒனக்குத் தெரியாம ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. நேராச் சொல்லிட்டு நாளைலேருந்து ஒம் பக்கத்துல உக்காந்து வர முடியாது.'

கைய மெதுவா உருவிக்கிட்டா. என் முட்டியத் தாண்டி எறங்கிப் போனா. படியில நின்ன மேடம் எதுவோ கேட்டாவ, அதுக்குச் சிரிச்சிக்கிட்டே பதில் சொன்னா, நோட்டு கட்டச் சரி பண்ணிக்கிட்டு அவியகூட நடந்தா. பாக்குறவங்களுக்கு ஒரு கொறையும் இல்லாத பிள்ள மாதிரித்தான் தெரியும். நானும் ரெண்டு வருசமா அவள அப்படித்தான் பாத்துருக்கேன்.